வீவக படுக்கையறைக்கு ஒரு சப்வூஃபர்: பெட்டி, பவர், இடம்

சப்வூஃபர், அதாவது பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கென்றே ஒரு தனி ஸ்பீக்கர், வைக்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் எல்லாரும் கேட்பது "எத்தனை வாட்டு?" என்றுதான். சிம் லிம் டவரில் உதிரிபாகம் விற்கும் அங்கிளும் அதைத்தான் கேட்டார், காருக்கு ஆடியோ போட்டு அனுபவப்பட்ட என் மச்சானும் அதைத்தான் கேட்டார். நான் மூன்று விஷயங்களை முதலில் முடிவு செய்துகொண்டேன்: பெட்டி எங்கே நிற்கும், காதுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம், கீழ்வீட்டுக்கு எவ்வளவு இறங்கும். அதற்கப்புறம் வாட் கணக்கு தானாகச் சின்னதாகிவிட்டது.

அறை, வீவக எனும் சிங்கப்பூர் அரசு அடுக்குமாடியில் ஒரு நாலறை வீட்டின் இரண்டாவது படுக்கையறை. அகலம் 3 மீட்டர், நீளம் 3.6, உயரம் 2.6. முன்சுவரில் டிவி, அதன் இருபுறமும் 5 அங்குல வூஃபர் போட்ட சின்ன ஸ்பீக்கர்கள். பின்சுவரை ஒட்டி இருவர் உட்காரும் சோபா. நான் கேட்பது பழைய திரைப்பாடல்கள், உறுமி மேளம், தவில் பதிவுகள், சனிக்கிழமை இரவு ஒரு படம். நாலு கம்பி பேஸ் கிட்டாரின் அடிச் சுருதி 41 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பி கிட்டாருக்கு 31. ஆகவே 30 வரை ஒழுங்காக வந்தால் என் தேவை முடிந்தது. படங்களில் அதற்குக் கீழே இடியும் வெடியும் இருக்கும், கிடைத்தால் லாபம்.

முதலில் அறையின் கணக்கைப் போட்டேன். நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 348 மீட்டர். அதை அறையின் ஒவ்வொரு அளவின் இரண்டு மடங்கால் வகுத்தால், எந்தச் சுருதியில் அந்த இரு சுவர்களுக்கிடையே அலை பொருந்தி நிற்கும் என்று தெரியும். நீளத்துக்கு 48 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 58, உயரத்துக்கு 67. இந்த நிற்கும் அலைகள் சுவரோரத்தில் வீங்கும், அறையின் நட்டநடுவில் வற்றும். என் சோபா பின்சுவரை ஒட்டியிருப்பதால் 48 வீங்கும். சோபாவின் நடுப்புள்ளி அகலத்துக்கும் நடுவில் விழுவதால் 58 வற்றும். பக்கத்துப் பக்கத்துச் சுருதியில் ஒரு மேடும் ஒரு பள்ளமும்! ஆயிரம் வாட் கொடுத்தாலும் இது மாறாது.

வெளிநாட்டு ஆலோசனைகளை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. மரச்சட்டமும் ஜிப்சம் பலகையுமாகக் கட்டிய வீடுகளில் சுவர் தாழ்ந்த ஒலியில் கொஞ்சத்தை விழுங்கி, கொஞ்சத்தை வெளியே விட்டுவிடும். வீவக வீட்டில் கான்கிரீட். தாழ்ந்த ஒலி அடித்த அடியிலேயே திரும்பி வரும். அதனால் மேடுபள்ளங்கள் கூர்மையாக இருக்கும், ஆனால் கதவைச் சாத்திவிட்டால் 48 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறையே ஒலியைத் தூக்கியும் விடும். இந்தத் தூக்கல்தான் மூடிய பெட்டியைத் தேர்ந்தெடுக்கக் காரணம்.

துளை வைத்த பெட்டி குறைந்த பவரில் அதிகம் சத்தம் போடும், மறுக்கவில்லை. ஆனால் துளையின் சுருதிக்குக் கீழே போனால் சுருதி பாதியாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 24 டெசிபல் விழும், ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அசையும் கோனும் பிடிமானம் இல்லாத ஊஞ்சல்போல அலையும். மூடிய பெட்டியில் 12 டெசிபல்தான் விழும். கீழே அறை தூக்கிவிடுவதோடு அது ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். பெட்டியும் பாதி அளவுதான் வரும், சின்ன அறைக்கு அது முக்கியம்.

எத்தனை அங்குலம் என்ற கேள்விக்கு வாட்டைப் பார்க்காமல் கோன் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்று பார்த்தேன். நல்ல 10 அங்குல டிரைவருக்கு (பெட்டியில் பொருத்தும் ஸ்பீக்கருக்கு) கோன் பரப்பு சுமார் 330 சதுர செ.மீ., ஒரு பக்க அசைவு 10 மி.மீ. என்று வையுங்கள். தரையில் வைத்து, சுவர்களின் உதவியைச் சேர்க்காமல், ஒரு மீட்டரில் 40 ஹெர்ட்ஸுக்கு 103 டெசிபல் வருகிறது. 30க்கு 98, 20க்கு 91. சுருதி பாதியானால் அதே சத்தத்துக்குக் கோன் நாலு மடங்கு அசைய வேண்டும், அதனால்தான் இந்தச் சரிவு. அத்தோடு 20 ஹெர்ட்ஸில் 78 டெசிபலைத் தொட்டால்தான் நம் காதுக்குக் கேட்கவே தொடங்கும். 40இல் 51 போதும். கடைசி பத்து ஹெர்ட்ஸுக்காகப் பெரிய பெட்டியும் பெரிய செலவும் எதற்கு? வீவக அறையில் 103 டெசிபல் பேஸை யாரும் ஒரு பாட்டு முடியும்வரை விடமாட்டார்கள். பத்து அங்குலம் போதும், எட்டு என்றாலும் சமாளிக்கலாம். பன்னிரண்டு என்பது ஆசை.

ஆம்ப்ளிஃபையரோடு சேர்ந்து வரும் ரெடிமேட் சப்வூஃபர் வாங்கினால் வேலை மிச்சம். நேரத்தையும் காசாகக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு அதுதான் மலிவு, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான்: ஆம்ப்ளிஃபையரைப் பெட்டியின் முதுகில் அடைத்துவிடுகிறார்கள். எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் பத்து டிகிரி ஏறினால் சுமார் பாதியாகும். ஏர்கான் போடாத நேரத்தில் நம் அறையே 30 டிகிரி, பெட்டிக்குள் அதற்கும் மேலே. ஆம்ப்ளிஃபையர் போனால், நல்லாயிருக்கிற டிரைவரும் பெட்டியும் சேர்ந்து குப்பைத் தொட்டிப் பக்கம் வந்துவிடும். ஆகவே ஆம்ப்ளிஃபையரைத் தனியாக வெளியே வைப்பது என்று முடிவு செய்தேன்.

கரூசல் இணையச் சந்தையில் பழைய பெட்டிகளையும் பார்த்தேன். ஸ்பஞ்ச் விளிம்பு வைத்த பழைய கோன்களை இந்த ஊர் ஈரப்பதம் சும்மா விடுவதில்லை. விரல் நுனியால் லேசாக அழுத்தினால் விளிம்பு பிட்டுப் பிட்டு உதிர்ந்து, விரலில் கறுப்பாக ஒட்டும். அப்படி ஒட்டினால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள். ரப்பர் விளிம்பு என்றால் பயமில்லை. கோனை நாலு விரலால் சீராக உள்ளே தள்ளிப் பார்க்கவும், 'கிரிச்' என்று உரசினால் கோனை அசைக்கும் கம்பிச்சுருளான காயில் இடம் மாறியிருக்கிறது.

கடைசியில் புது டிரைவர், கையால் அடித்த பெட்டி. டிரைவரின் தாளில் பார்க்க வேண்டிய எண்கள் மூன்று: இயல்பு அதிர்வு 28 ஹெர்ட்ஸ், கோனின் ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்று காட்டும் கியூடிஎஸ் 0.45, கோனின் பிடிப்பு எத்தனை லிட்டர் காற்றின் விறைப்புக்குச் சமம் என்று சொல்லும் விஏஎஸ் 50 லிட்டர். மூடிய பெட்டிக்குள் போனபின் அந்தக் கியூ 0.707 ஆக, 0.707ஐ 0.45ஆல் வகுத்து, அதன் வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்து, வரும் எண்ணால் 50ஐ வகுத்தால் 34 லிட்டர். பெட்டிக்குள் போனதும் இயல்பு அதிர்வு 44 ஹெர்ட்ஸுக்கு ஏறும். அறை தூக்கத் தொடங்கும் 48க்குப் பக்கத்திலேயே இது வருவது நம் அதிர்ஷ்டம்.

உள்ளளவு 33 செ.மீ. கனசதுரம் என்றால் கிட்டத்தட்ட 36 லிட்டர். டிரைவரும் குறுக்குச் சட்டமும் எடுத்துக்கொள்வது போக 34. 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் 36.6க்கு 36.6 இரண்டு, 36.6க்கு 33 இரண்டு, 33க்கு 33 இரண்டு. இங்குள்ள உபி வட்டாரத் தொழிற்பேட்டையில் ஒரு பலகைக் கடையில் அளவைத் தாளில் எழுதிக் கொடுத்து வெட்டி வாங்கினேன். வட்டத் துளையையும் அங்கேயே போட்டுக்கொண்டேன். எம்டிஎஃப் தூள் மாவுபோலப் பறக்கும், அதை வீட்டு வரவேற்பறையில் செய்பவர் கல்யாணமாகாதவராக இருக்க வேண்டும்.

ஒட்டியபின் உள்மூலைகள் எல்லாவற்றிலும் அக்ரிலிக் சீலன்ட் ஒரு வரி. உள்ளே அடைக்கத் தலையணைப் பஞ்சு, ஆனால் பாலியெஸ்டர் பஞ்சு மட்டும். இலவம்பஞ்சு போட்டால் ஈரம் குடித்துப் பூஞ்சை பிடிக்கும். டிரைவரை முடுக்கியதும் கோனை மெல்ல உள்ளே தள்ளிவிட்டு விட்டேன். அது படக்கென்று திரும்பாமல் நிதானமாக வந்தால் பெட்டி காற்றுப் புகாமல் இருக்கிறது என்று அர்த்தம். அடியில் 3 செ.மீ. ரப்பர் கால்கள் கட்டாயம், தரையை மாப் போடும்போது தண்ணீர் பட்டால் எம்டிஎஃப் ஓரம் பிஸ்கட்போல உப்பிவிடும்.

இனி பவர். மலிவான கிளாஸ் டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப்ளிஃபையர் போர்டுகளில் '600 வாட்' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். நான் வாங்கிய போர்டில் இருப்பது டெக்சஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் டிபிஏ3255 சிப். அதன் தாளில் 600 வாட் என்று இருப்பது உண்மைதான்: இரு பக்கத்தையும் ஒன்றாக்கி, 2 ஓம் சுமையில், 10 சதவீதத் திரிபோடு. வீட்டில் அந்த எண்ணுக்கு வேலையில்லை. நாம் கொடுக்கும் வோல்டேஜ் உண்மையான எண்ணைச் சொல்லிவிடும். பிரிட்ஜ் முறையில், அதாவது ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் இயக்கி, ஓடும் ஆம்ப்ளிஃபையருக்குச் சப்ளை வோல்டேஜை வர்க்கமாக்கி, ஓம்ஸின் இரு மடங்கால் வகுத்துப் பாருங்கள். 24 வோல்ட், 8 ஓம் என்றால் 36 வாட். அதே 24 வோல்ட், 4 ஓம் என்றால் 72. 36 வோல்ட், 4 ஓம் என்றால் 162. இது மேல் வரம்பு, போர்டில் ஆகும் இழப்பு போக 140 பக்கம் கிடைக்கும். 24 வோல்ட் அடாப்டரைச் செருகிவிட்டு 600 வாட் போர்டு முக்குகிறதே என்று திட்டுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

என் டிரைவரில் 2 ஓம் காயில் இரண்டு. ஒன்றன்பின் ஒன்றாக, அதாவது முதல் காயிலின் கழித்தலை இரண்டாவதின் கூட்டலோடு சேர்த்தால், 4 ஓம். இரண்டையும் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் 1 ஓம், போர்டுக்கு ஆபத்து. ஒரு காயிலை மட்டும் இணைத்து மற்றதைச் சும்மா விடுவதும் தப்பு, டிரைவரின் தாளில் உள்ள எண்களே மாறிப்போகும். இணைத்தபின் மல்டிமீட்டரில் பார்த்தால் 3.5 ஓம் பக்கம் காட்டும். 4 ஓம் என்பது பெயரளவு, நேர்மின் தடை எப்போதும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

சப்ளைக்கு 36 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர். திறந்த தகரப் பெட்டி சப்ளை பாதி விலைக்குக் கிடைக்கும், ஆனால் 230 வோல்ட் திருகுகள் வெளியே தெரியும் சாமானைக் குழந்தைகள் நடமாடும் வீட்டில் வைக்க எனக்கு மனசில்லை. மூடிய அடாப்டரில் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், சிங்கப்பூரில் விற்கும் அடாப்டர்களுக்கு அது கட்டாயம். சோபா பக்கம் புதுசாகப் பிளக் பாயிண்ட் வேண்டுமென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். சுவருக்குள் கை வைப்பது இந்தப் பொழுதுபோக்கில் சேராது.

ரிசீவரின் (டிவி ஒலியை வாங்கி முன் ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டியின்) முதுகில் 'சப்வூஃபர் அவுட்' என்று ஒரு ஓட்டை இருக்கும். அதில் வருவது வெறும் சிக்னல்தான், பவர் கிடையாது. அதை நேராக டிரைவரில் செருகினால் ஈ பறக்கும் சத்தம்கூட வராது. என் வரிசை இப்படி: ரிசீவர், அங்கிருந்து ஒலியைச் சுருதிவாரியாகச் சீர்செய்யும் ஒரு சின்ன டிஎஸ்பி பெட்டி, அப்புறம் போர்டு, அப்புறம் டிரைவர். உங்கள் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரில் அந்த ஓட்டை இல்லாமல் ஸ்பீக்கர் முனையிலிருந்து சிக்னல் எடுக்க வேண்டியிருந்தால் ஒரு எச்சரிக்கை: கிளாஸ் டி வகைகள் பலவற்றில் கறுப்பு முனையிலும் மின்னழுத்தம் ஓடும். அதை பூமி என்று நினைத்து இணைத்தால் புகை வரும்.

எல்லாம் இணைத்து ஸ்விட்ச் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஒரு சீரான முனகல். ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்ததில் டிவியின் ஆன்டெனா வயரைப் பிடுங்கியதும் சட்டென்று நின்றது. சுவர் பாயிண்டிலிருந்து வரும் அந்த வயரின் வெளிவலை கட்டடத்தின் பூமியோடு ஓரிடத்தில் சேர்ந்திருக்கிறது. அடாப்டரின் மூன்றாவது முள் பூமியோடு இன்னோரிடத்தில் சேர்கிறது. நடுவில் டிவி, எச்டிஎம்ஐ, ரிசீவர், ஆர்சிஏ வயர் என்று ஒரு பெரிய வளையம், அதில் 50 ஹெர்ட்ஸ் சுற்றி வருகிறது. ஆன்டெனா வயரில் செருகும் ஐசொலேட்டர் ஒன்று வாங்கிப் போட்டதும் அமைதி. இதற்காக மூன்றாவது முள்ளைக் கழற்றிவிடச் சொல்லும் யோசனையும் வரும். கழற்றாதீர்கள், அது உயிருக்கான முள்.

இடம் பார்க்கும் வேலைக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள், பவரைவிட இதற்குத்தான் பலன் அதிகம். மடிக்கணினியில் அறையின் ஒலியை அளக்கும் இலவச ஆர்இடபிள்யூ மென்பொருள், அளவெடுக்கும் யூஎஸ்பி மைக். மைக்கைச் சோபாவில் காது உயரத்தில் நிறுத்திவிட்டு, 20இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை ஒலியை ஓடவிட்டேன். முன்மூலையில் பெட்டியை வைத்தபோது 48இல் ஏறக்குறைய 10 டெசிபல் மேடு, 58இல் பள்ளம், கணக்கு சொன்னபடியே. சோபாவின் வலது கைப்பிடியை ஒட்டி, காதிலிருந்து முக்கால் மீட்டரில் பெட்டியை வைத்தால் மேடு அடங்கியது. அதோடு அதே பவரில் காதுக்கு 6 டெசிபல் கூடுதல். திறந்த வெளியில் இந்தத் தூரக் குறைவுக்கு இன்னும் கூடும், அறைக்குள் அவ்வளவு வராது. ஆனால் 6 டெசிபல் என்றாலே அதே சத்தத்துக்குக் கால்வாசிப் பவர் போதும் என்று பொருள். 140 வாட் எனக்கு எக்கச்சக்கம் என்று அப்போதுதான் தெரிந்தது.

இதற்குச் சில விலைகள் உண்டு. பெட்டி காதுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தால், பிரிக்கும் சுருதியை, அதாவது எதற்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லையை, வழக்கமான 80இலிருந்து 70க்கு இறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆண்குரலின் அடித்தொண்டை மட்டும் வலப்பக்கம் உட்கார்ந்து பேசும். முன் ஸ்பீக்கர்களைவிட இது ஒன்றரை மீட்டர் பக்கத்தில் இருப்பதால் சப்வூஃபர் ஒலி முந்தி வந்துவிடும், டிஎஸ்பியில் 4.3 மில்லிசெகண்ட் தாமதம் கொடுத்தேன். மேட்டை டிஎஸ்பியில் வெட்டலாம், வெட்டினேன். பள்ளத்தைத் தூக்க முயலக் கூடாது, அலை வற்றும் இடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் வற்றும், ஆம்ப்ளிஃபையர்தான் களைக்கும். அந்த 58 பள்ளம் நான் நடுவில் உட்கார்ந்தால்தான். சோபாவில் மனைவி உட்காரும் இடப்பக்கம் நகர்ந்தால் பாதி நிரம்பிவிடுகிறது. அதாவது வீட்டிலேயே நல்ல பேஸ் கேட்பது என் மனைவி, அவருக்கு இதில் துளியும் அக்கறை கிடையாது.

கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டியிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் அறையில் போய் நின்று கேட்டேன். இதை எல்லாருக்கும் பலமாகச் சிபாரிசு செய்வேன். மேலே மனைவி, கையில் ரிமோட், காதில் போன். "ஏங்க, இப்ப ஏத்தவா?" "ஏத்து... போதும், போதும்." பெட்டி மூலையில் இருந்தபோது எங்கள் வழக்கமான சத்தத்துக்கே கீழே கூரையிலிருந்து 'தும் தும்' என்று தாளம் புரிந்தது. சோபா பக்கம் நகர்த்தி, மேலே காதுக்கு அதே அளவு வரும்படி குறைத்து வைத்தால், ஆன்ட்டியின் மின்விசிறிச் சத்தத்திலேயே அது மறைந்துவிட்டது. ரப்பர் கால்கள் இதற்கு அதிகம் உதவவில்லை. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல், காற்றே தளத்தை அசைக்கிறது. சுவரில் ஒட்டும் ஸ்பஞ்ச் பலகைகளுக்கும் இந்த அலை கண்ணில் படாது, காசை மிச்சம் பிடியுங்கள்.

அப்புறம் நடுக்கங்கள். மெதுவாக ஏறும் ஒற்றைச் சுருதியை ஓடவிட்டு அறை முழுக்கக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தால் ஒவ்வொன்றாக மாட்டும். அலமாரிக் கதவு 43இல் ஆடியது, சன்னல் கைப்பிடி 60க்கு மேல். 52இல் அடுத்த அறையிலிருந்து அம்மாவின் குரல்: "டேய், முருகன் படம் நடுங்குது, நிறுத்துடா!" சுவரின் அந்தப் பக்கம் மாட்டியிருந்த படத்தின் கண்ணாடி சட்டத்தில் லூசாக இருந்திருக்கிறது. படத்தை இறக்கி, கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் நாலு மூலையிலும் மெல்லிய ஃபெல்ட் துண்டு செருகி, பின்பக்கமும் இரண்டு ஒட்டினேன். அலமாரிக்கும் அதே வைத்தியம். சப்வூஃபர் கரகரக்கிறது என்று நினைத்த பாதிச் சத்தம் இதிலேயே போய்விட்டது.

டிஎஸ்பியில் இப்போது இரண்டு அமைப்புகள். பகலுக்கு ஒன்று. இரவு அமைதி நேரத்துக்கு இன்னொன்று: 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, மொத்தமாக 8 டெசிபல் குறைத்தது. படத்தில் வெடி வெடிப்பது புரியும், தரை அசையாது. போர்டின் ஹீட்சிங்க் ஒரு முழுப் படம் ஓடினபின்பும் கையை வைத்து எடுக்கும் சூட்டில்தான் இருக்கிறது, விசிறி தேவைப்படவில்லை. பெட்டிக்கு இன்னும் வண்ணம் அடிக்கவில்லை, ஓரங்களுக்கு மட்டும் சீலர் பூசியிருக்கிறேன். மேலே விரிப்பு போட்டு அம்மா அதைப் பக்க மேசை ஆக்கிவிட்டார். ரிமோட்டும் பேப்பரும் வைக்கலாம், தேநீர்க் கோப்பைக்கு மட்டும் அனுமதி இல்லை.